லாத்தா பக்கத்துச் சுவர்

அத்தியாயம் 14

“இன்னைக்கு மஃரிபு பாங்குக்குள்ள அந்தச் சுவரை நஃபீஸத் லாத்தா கையாலேயே கழுவ வைக்கேன். எங்கை ஒரு சொட்டுத் தண்ணிகூட மொள்ளாது. பாத்துக்கோ.”

மதார் தன் அக்காளைப் பற்றி இதைச் சொன்னது வியாழக்கிழமை காலை, ஆப்பத்தின் மேல் தேங்காய்ப்பாலை ஊற்றிக்கொண்டே. கேட்ட ஆசியா உம்மாள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு மேலப்பாளையத்துக் காக்கைகள் அத்தனையும் எழும்பிப் பறந்து, ஆற்றுக்கு அந்தக் கரையில் போய்த்தான் மூச்சு வாங்கின. நம்புகிறவர்கள் நம்பலாம்.

“மைனி உங்க மூஞ்சியப் பாத்தே மூணு வருசமாச்சு. உங்க சுவரக் கழுவுவாங்களாக்கும்!”

“நீ சிரி. சிரிச்சவளே சாயங்காலம் சாட்சி சொல்லுவ.”

கணவர் பேச்சை ஆசியா நம்புவதை விட்டுப் பல காலம் ஆயிற்று. ஷார்ஜாவில் கட்டடப் பராமரிப்பில் இருந்தபோது, அறுபதாவது மாடியில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைத்தாராம். உள்ளேயிருந்த அரபிப் பெண்மணி ஜன்னலைத் திறந்து ஒரு கிளாஸ் தண்ணீர் நீட்டினாளாம். முதல் தடவை சொன்னபோது தண்ணீர். பிறகு அது தேநீராயிற்று. போன பெருநாளைக்குச் சொன்னபோது முழு ஆட்டு பிரியாணியாகிவிட்டது. அறுபதாவது மாடி ஜன்னல் வழியாக.

ஆனால் இன்றைக்குச் சிரித்து முடித்ததும் ஆசியா அவரைக் கவனித்தாள். அவர் தட்டில் ஆப்பம் அப்படியே இருந்தது. வாய் வீரம் பேசிக்கொண்டிருந்தது. கால் மேசைக்கடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்க மனிதர் கூடத்துக்கும் மாடிக்குமாக நடந்ததில் படிக்கட்டே தேய்ந்து சறுக்குமரமாகிவிட்டது.

காரணம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நஃபீஸத்தின் மகள் ஷம்ஸியாவுக்கு நிக்காஹ். களக்காட்டு மாப்பிள்ளை. பெண்ணின் வாப்பா மௌத்தாகிவிட்டார். பந்தல் வாசலில் நின்று மாப்பிள்ளை வீட்டாரைக் கைபிடித்து அழைத்து வர அவளுக்கு இருக்கிற ஒரே ஆண் துணை தாய்மாமன் மதார்தான்.

அந்தத் தாய்மாமனுக்கு அழைப்பு எப்படி வந்தது? பள்ளிவாசல் மோதினார் தெருத்தெருவாக, வீடுவீடாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் இந்த வாசலிலும் நின்றார். “ஞாயித்துக்கெழம நிக்காஹ், எல்லாரும் வந்துருங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். ஊருக்கு மோதினார் சொன்னால் போதும். கூடப்பிறந்தவனுக்குக் கூடப்பிறந்தவள் நேரில் வந்து சொல்ல வேண்டாமா? அவள் சொல்லாமல் போய் நின்றால் அவன் தாய்மாமன் இல்லை, விருந்தாளி.

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்ததை மறந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒரே மனை. வாப்பா இரண்டாகப் பிரித்து அக்காளுக்கும் தம்பிக்கும் கொடுத்தார். முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள். வாசல்கள் வேறு வேறு தெருவில். மகன் அப்ராருக்காக மதார் மாடி எடுத்தார். மாடிச் சுவர் நஃபீஸத்தின் முற்றத்தை ஒட்டி விறுவிறுவென்று வளர்ந்ததில் அவள் அடுக்களை ஜன்னலுக்கு வந்துகொண்டிருந்த காற்று நின்றுபோயிற்று.

“காத்துக்கும் வேலி போட்டுட்டியாலே?” என்றாள் அக்காள்.

“எங்க எடத்துல நாங்க கெட்டுதோம்” என்று இந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தது ஆசியா.

அதோடு சரி. நான் கூப்பிடாமல் என் முற்றத்தில் கால் வைக்காதே என்றாள் நஃபீஸத். நீ கூப்பிடாமல் கால் வைத்தால் நான் மதாரே இல்லை என்றார் தம்பி. சொத்தைப் பங்கு வைத்த வாப்பா பிடிவாதத்தைப் பங்கே வைக்கவில்லை. ஆளுக்கு முழுசாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

இப்போது அந்தச் சுவரின் கதையைக் கேளுங்கள். மதார் வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் அது ரோஜா நிற டிஸ்டெம்பர் அடித்த அழகான சுவர். வெளிமுகம்? அது நஃபீஸத் கண்ணில் விடிந்து, அவள் கண்ணில் அடைகிற முகம். மேலிருந்து கீழ்வரை பாசி. பிசானத்து நெல் நாற்றங்கால் அதைப் பார்த்தால் வெட்கப்பட்டு மஞ்சளாகிவிடும். வழிதவறி அந்த முற்றத்துக்குள் வந்த வெள்ளாடு ஒன்று, மேயலாமா வேண்டாமா என்று ஒரு பொழுது முழுக்க அண்ணாந்து நின்றுவிட்டுக் கழுத்துச் சுளுக்கோடு போனதாக ஊரில் பேச்சு.

அந்தச் சுவரை ஒட்டித்தான் நாளைக்குப் பந்தல் போட ஆள் வருகிறது. மணப்பெண் உட்காரும் இடத்துக்குப் பின்னால் மூன்று ஆள் உயரத்துக்குப் பாசி.

“களக்காட்டுக்காரன் என்ன நெனப்பான்? தாய்மாமன் சுவரு தோட்டமா கெடக்குன்னுதானே பேசுவான்?” என்று மதார் எழுந்தார். ஆப்பம் தட்டிலேயே ஆறியது.

போன வருஷமும் இப்படித்தான் எழுந்தார். பெயின்டர் சங்கிலிபூதத்தானைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடியில் நின்று, நீளக் கம்பில் பிரஷைக் கட்டிப் பாசியின் மேலேயே வெள்ளை அடித்தார்கள். எட்டின மட்டும் அடித்ததில் சுவருக்குத் தொப்பி போட்ட மாதிரி இருந்தது. உயிரோடிருக்கிற பாசிமேல் பெயின்ட் ஒட்டுமா? அடுத்த மழைக்கே அப்பளம் அப்பளமாக உரிந்து, நஃபீஸத் காயப்போட்டிருந்த மிளகாய் வற்றலில் விழுந்தது. அவள் உரிந்ததையெல்லாம் பொறுக்கி ஒரு பையில் போட்டுத் தம்பி வாசல் கதவில் தொங்கவிட்டுப் போனாள்.

இந்தத் தடவையும் சங்கிலிபூதத்தான்தான் வந்தான். கூடவே கார் கழுவும் கடையிலிருந்து இரவல் வாங்கிய பம்பும் வந்தது.

“பாய், இதுல அடிச்சா யான மேல இருக்க அழுக்கே போயிரும்.”

“அடி வே!”

அடித்தான். மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து குனிந்து அடித்த அடியில் பாசி போயிற்று. பாசியோடு ஒரு பரோட்டாக் கல் அகலத்துக்குப் பூச்சும் பேர்ந்து போயிற்று. செங்கல் பல்லைக் காட்டியது.

“நிப்பாட்டு! நிப்பாட்டு வே! இன்னும் ரெண்டு அடி அடிச்சா லாத்தா அடுக்களையில என்ன கொதிக்குன்னு இங்கனயே பாத்துரலாம் போலருக்கு!”

பம்பு ஓரமாகப் போயிற்று. ஆசியா மாடிக்கும் அடுக்களைக்கும் ஏறி இறங்கினாள். உலையில் அரிசி போட்டாளா என்பது நினைவில்லை, மூடியைத் திறந்து பார்த்தாள், போட்டிருந்தாள். கீழே முற்றத்தில் நஃபீஸத் சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கதவு சாத்தின சத்தம் ஆசியாவின் பல்லில் கூசியது.

“பேசாம விட்டுருங்களேன்” என்றாள் கணவரிடம். “பந்தக்காரன் துணி கெட்டி மறச்சிருவான்.”

“மறைக்கவா? எம்முகத்தையும் சேத்துல்லா மறைப்பான்!”

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்தவர் கையில் ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடர். சேரன்மகாதேவி வயல்காரர் ஒருவரிடம் வாங்கிய மருந்தடிக்கிற ஸ்பிரேயர் முதுகில். “நல்லாக் கழுவிட்டேன், இதுல பாயசமே அடிக்கலாம்” என்றார். வாளியில் பவுடரைக் கரைத்து, தெளியவிட்டு, மேல்தண்ணீரை ஸ்பிரேயரில் ஊற்றினார். சங்கிலிபூதத்தான் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, இவர் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுச் சுவர்மேல் அடித்தார். முகத்தில் அறுபதாவது மாடிக் களை.

“இப்ப பாரு. அடிச்சிட்டு விட்டுறணும். தேய்க்கப்பிடாது. பாசி அங்கனயே சாவும். பொறவு பைய கழுவி விடணும்.”

“யாரு கழுவுவா?”

“லாத்தாதான். அவளுக்கு இந்த வாடை ஆவாது. மூக்கப் பொத்திக்கிட்டு வாளியோட ஓடி வருவா பாரு.”

“இதாக்கும் உங்க திட்டம்!”

“பின்ன? துபாய்லயிருந்து கெரேன் வரும்னு நெனச்சியா?”

அடித்து முடித்தார். வாடை எழும்பியது. எழும்பின வாடையில் நாலு தெரு தள்ளி ஜலதோஷக்காரர்களுக்கெல்லாம் மூக்கு திறந்துகொண்டது. மூவரும் மாடியில் காத்திருந்தார்கள். கீழே ஒரு கை நீண்டு, அடுக்களை ஜன்னலை இழுத்துச் சாத்தியது. அவ்வளவுதான். வாளியும் வரவில்லை, வசவும் வரவில்லை.

மதார் பேச்சை நிறுத்தினார். அவர் பேச்சை நிறுத்தினால் ஆசியாவுக்குப் பயம். தண்ணீர்த் தொட்டியோரம் உட்கார்ந்து லுங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீல லுங்கியில் பிளீச்சிங் தெறித்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக்கொண்டிருந்தது.

“கூப்பிட மாட்டாள்லா” என்றார். அவ்வளவு சின்னக் குரல் அவருக்கு இருக்கிறது என்பதே ஆசியாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவள் கைப்பிடிச் சுவருக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள். சுவரில் பாசி கருத்துக்கொண்டிருந்தது. அதன் மேலிருந்து வெளிர்பச்சைத் தண்ணீர் கோடு கோடாக இறங்கி, சுவர் அடியில் சேர்ந்து, சின்ன வாய்க்காலாக ஓடி…

யா அல்லாஹ். மருதாணி!

சுவரோரம் தழைத்து நின்றது அந்தச் செடி. நாளை மாலை ஷம்ஸியாவுக்கு மருதாணி போடுகிறார்கள். கோன் வேண்டாம், எங்க முற்றத்து இலையைத்தான் அரைத்து வைப்பேன் என்று நஃபீஸத் தெருவெல்லாம் சொல்லியிருந்தாள். இலை பறிக்க நாளைக்குச் சொந்தக்காரப் பெண்கள் வருகிறார்கள். பிளீச்சிங் தண்ணீர் அதன் தூருக்குப் போய்க்கொண்டிருந்தது. மேலிருந்து சொட்டியது இலைமேலும் விழுந்தது.

“ஏங்க, கீழ என்ன இருக்குன்னு பாத்தீங்களா?”

“தரை இருக்கு.”

“மருதாணிங்க! கூப்பிடுங்க மைனிய!”

மதார் எழுந்து வந்தார். பார்த்தார். வாயைத் திறந்தார். மூன்று வருடப் பிடிவாதம் தொண்டையில் குறுக்கே கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டது. காற்று மட்டும் வந்தது.

ஆசியாவின் கை கைப்பிடிச் சுவரைப் பிடித்தது. கூப்பிட்டால் நஃபீஸத் கதவைத் திறப்பாளா? திறக்காவிட்டால்? மைனி என்று அவளை நேரில் கூப்பிட்டு மூன்று வருடமாயிற்று. வாய்க்கால் தூரைத் தொட்டது.

“மைனீ! நஃபீஸத் மைனீ! மருதாணி கருகப் போவுது! தண்ணி ஊத்துங்க, சுருக்கா ஊத்துங்க!”

அந்தக் குரலுக்குப் பாளையங்கோட்டையில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எல்லாம் புரண்டு படுத்தன. சாத்தின கதவு படீரென்று திறந்தது. நஃபீஸத் வந்தாள். பின்னால் ஷம்ஸியா. ஒரு பார்வையில் விஷயம் பிடிபட்டது அக்காளுக்கு. குழாயில் மாட்டியிருந்த ரப்பர் ஹோஸை உருவினாள், செடியைக் குளிப்பாட்டினாள், தூரில் தண்ணீரைப் பெருக்கினாள். மேலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டே இருந்தது. சொட்டுகிற இடத்தை நிறுத்தாமல் செடியைக் காப்பாற்ற முடியாது. ஹோஸின் வாயைக் கட்டை விரலால் அமுக்கி, சுவரைப் பார்த்துத் திருப்பினாள்.

செத்துக் கிடந்த பாசி கரைந்து இறங்கியது. தண்ணீர் பட்ட இடமெல்லாம் வெள்ளை. நஃபீஸத் தன் கையால், தம்பி சுவரைக் கழுவிக்கொண்டிருந்தாள். திட்டிக்கொண்டே கழுவினாள்.

“ஏலே மதாரு! கூறுகெட்ட பயலே! கீழ என்ன நிக்குன்னு பாக்காம மருந்தடிக்கியாலே? கண்ணு எங்கன இருக்கு ஒனக்கு, பெடரியிலயா?”

மதார் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டுமே. ஒவ்வொரு வசவுக்கும் ஒரு வயது குறைந்து, ‘கூறுகெட்ட பயலே’ வந்தபோது பள்ளிக்கூடத்துப் பையனாகிவிட்டிருந்தார்.

“இல்ல லாத்தா… பாசி…”

“பாசிக்கு மருந்தடிக்க வந்துட்டாரு! எத்தன மட்டம் அடிச்சாலும் மறுபடி வரத்தாம்ல செய்யும். எங்கருந்து வருதுன்னு பாத்தியா? அந்தா தொங்குது பாரு ஒன் தண்ணித் தொட்டிப் பைப்பு!”

மூவரும் குனிந்து பார்த்தார்கள். தொட்டி நிரம்பினால் வழிவதற்கு வைத்த குட்டைப் பைப்பு, சுவருக்கு வெளியே, நஃபீஸத் பக்கமாக நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயிலிருந்துதான் பச்சை ஆரம்பித்து விசிறிபோல் விரிந்திருந்தது.

“சுபுஹுக்கு ஆத்துத் தண்ணி வந்ததும் மோட்டாரப் போடுதீங்க. நிப்பாட்ட நாதியில்ல. நெறஞ்சு நெறஞ்சு இங்கன வழியுது. மூணு வருசமா அந்தச் சத்தத்துலதான் நான் முழிக்கேன்.”

“சொல்லியிருக்கலாம்லா லாத்தா?”

“சொல்லதுக்கு நமக்குள்ள பேச்சு இருந்துச்சாலே?”

ஆசியா மெதுவாக நிமிர்ந்தாள். மோட்டார் சுவிட்ச் அவள் கையில் இருப்பது. தினமும் சுவிட்சைத் தட்டிவிட்டு, தொழுதுவிட்டு, தேநீர் போட்டுக் குடித்து, மதாரின் கதை ஒன்றைக் கேட்டுவிட்டுத்தான் நிறுத்தப் போவாள். வீட்டுக்குள் ஒரு சொட்டு விழுந்ததில்லை. அதனால் ஒரு சொட்டு வீணாகவில்லை என்றே நினைத்திருந்தாள். போன மாசம் பக்கத்து வீட்டுக்காரியிடம் அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்திருந்தாள்.

“அங்கன நின்னு என்னலே முழிக்க?” கீழேயிருந்து குரல் வந்தது. “மேல பாதி நான் கழுவியாச்சு. கீழ பாதிய நம்ம வாப்பாவா கபுருல இருந்து எந்திரிச்சு வந்து தேய்ப்பாரு? எறங்கி வா!”

வா.

மதார் செருப்பைத் தேடவில்லை. படிகளைத் தொட்டாரா என்பதற்கும் சாட்சி கிடையாது. இந்த வாசலில் இறங்கி, முக்குத் திரும்பி, அடுத்த தெரு வழியாக அக்காள் வீட்டு வாசலுக்குப் போக வேண்டும். கறிக்கடை அலி அஸ்கர் பார்த்துச் சொன்னது, முதலில் லுங்கி போனதாம், பின்னால்தான் ஆள் போனாராம்.

ஆசியா மாடியில் நின்று பார்த்தாள். தென்னந்துடைப்பத்தை வைத்து மதார் சுவரின் அடிப்பாகத்தைப் பைய வருடினார். அக்காள் தண்ணீர் விட்டாள், திட்டினாள், தம்பி சிரித்தார். ஷம்ஸியா மருதாணி இலைகளைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். மாடியில் சங்கிலிபூதத்தான் பைப்பில் முழங்கை மாதிரி வளைந்த எல்போ ஒன்றை மாட்டி, வாயை இந்தப் பக்கத்து மொட்டை மாடிக்கே திருப்பிவிட்டான். இனி வழிந்தால் ஆசியா தலையில் வழியும்.

“பெயின்ட் இப்ப அடிக்கண்டாம் பாய், ஈரம் நல்லாக் காயட்டும்” என்று கீழே கத்தினான், போன வருஷம் ஈரத்தில் அடித்தவன் வேறு யாரோ என்பதுபோல.

ஷம்ஸியா அண்ணாந்தாள். “மாமி, நீங்களும் எறங்கி வாங்களேன்!”

ஆசியா நஃபீஸத்தைப் பார்த்தாள். நஃபீஸத் நிமிரவில்லை. வராதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. ஹோஸைச் செடிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். முதுகு மட்டும் தெரிந்தது.

“இந்தா… உலை கெடக்கு” என்று சொல்லிவிட்டு ஆசியா இறங்கி அடுக்களைக்குப் போனாள். வாசலுக்கு வந்து செருப்பில் ஒரு காலை நுழைத்தாள். கழற்றினாள். மறுபடி நுழைத்தாள். தெரு முக்கு எவ்வளவு பக்கம்! ஆனால் கூப்பிட்டது பெண்தானே, பெண்ணைப் பெற்றவள் இல்லையே. கழற்றி ஓரமாக வைத்தாள். மருதாணி பிழைக்குமா, இலை சுருளுமா என்பது விடிந்தால்தான் தெரியும்.

மஃரிபுக்குச் சற்று முன்னால் மதார் வந்தார். தலையிலிருந்து கால்வரை நனைந்து, லுங்கி முழுக்க வெள்ளைப் புள்ளி பூத்து, வான்கோழி மாதிரி நெஞ்சை முன்னால் விட்டுக்கொண்டு வந்தார். அதே நேரம் ஷார்ஜாவிலிருந்து அப்ராரின் வீடியோ கால்.

“லே அப்ராரே! உங்க நஃபீஸத் மாமி இன்னைக்கு நம்ம சுவரத் தன் கையால கழுவுனா! ஊரே கூடி நின்னு பாத்துச்சு! ஃபயர் சர்வீஸ்காரன்லாம் வந்து, ‘எங்களுக்கும் சொல்லிக் கொடுங்க’ன்னு…”

“வாப்பா, கதை அளக்காதீங்க. மாமியாவது நம்ம சுவரக் கழுவதாவது! போன உம்மாட்டக் கொடுங்க.”

மதார் போனை நீட்டினார். கண்ணில் அத்தனை குறும்பு. “சொல்லு, ஆசியா. காலையில சிரிச்சேல்லா? உன் வாயால சொல்லு.”

ஆசியா போனை வாங்கிக்கொண்டு மாடி ஏறினாள். இரண்டு ஆண்களும் ஏன் மாடிக்கு என்று கேட்டார்கள். அவள் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றாள். கீழே முற்றத்தில் நஃபீஸத் இன்னும் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

“உம்மா, வாப்பா சொல்லுதது நெசமா?”

“நெசம்தாம்லே.”

கீழே தண்ணீர்ச் சத்தம் நின்றது. யாரும் நிமிரவில்லை. ஆசியா குரலை உயர்த்தினாள். ஷார்ஜாவுக்குப் போனே தேவையில்லை என்கிற அளவுக்கு உயர்த்தினாள்.

“எங்கண்ணால பாத்தேன். மூணு வருசமா மோட்டார நிப்பாட்டாம அந்தப் பாசிய வளத்தது நான். தன் கையால கழுவுனது உங்க மாமி. அல்லாஹ் அறிய, நடந்துச்சுலே.”